முதல் வரிசை வண்டிகள்

அன்றைக்கு மத்தியானம் முழுக்க இலை அசையவில்லை. மைதானத்தில் கொட்டியிருந்த ஜல்லி, அடுப்பில் மறந்து வைத்த சட்டி மாதிரி கொதித்தது. மாடியறையின் கண்ணாடி ஜன்னலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் குட்டி. அந்த ஜன்னல் வழியாகத்தான் ப்ரொஜெக்டரின் வெளிச்சம் வெளியே போய், மைதானத்தின் அந்தக் கோடியில் ஆறு மாடி உயரத்துக்கு நிற்கும் வெள்ளைத் திரையில் விழும். கண்ணாடியில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தால்கூட, கதாநாயகன் மூக்கின் மேல் அது எருமை அளவுக்குத் தெரியும்.

குட்டிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. வீட்டில் இளையவள் என்று அப்பா கூப்பிட்ட பேர் அப்படியே நின்றுவிட்டது. படம் பார்க்க வருகிற தாடிக்கார ஆட்கள்கூட "குட்டியக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

வண்டியில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற திறந்தவெளித் தியேட்டர் அது. கார்கள் வரிசை வரிசையாக மண்மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். படத்தின் சத்தம் வண்டி ரேடியோவில் வரும். அப்பா கட்டியது. அவர் போன பிறகு குட்டி மேலே படம் ஓட்டினாள். அக்கா கீழே கேன்டீனில் எண்ணெய்ச் சட்டியோடு மல்லுக்கட்டினாள். அக்காவின் புருஷன், குட்டிக்கு அத்தான், வாசல் கூண்டில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார்.

ஒரு காலத்தில் அந்த நெடுஞ்சாலை நெடுக இப்படிப்பட்ட தியேட்டர்கள் இருந்தன. பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் இப்போது பழைய கார் விற்கிறார்கள். சர்க்கரை ஆலைக்கு எதிரே இருந்தது டிரைவிங் ஸ்கூல் மைதானமாகிவிட்டது. பழைய ஸ்பீக்கர் கம்பங்களைச் சுற்றிச் சுற்றித்தான் பிள்ளைகள் வண்டி திருப்பப் பழகுகிறார்கள். மலையடிவாரத்தில் இருந்ததன் திரை மட்டும் கொடி படர்ந்து, நடுவில் ஓட்டையோடு, யாருக்கோ காத்திருப்பதைப்போல நிற்கிறது. ஒவ்வொரு தியேட்டர் மூடும்போதும் அப்பா லாரி எடுத்துக்கொண்டு போவார். திரையின் கீழ்ப்பாதித் தகடுகள் ஆலைத் தியேட்டரிலிருந்து வந்தவை. கேன்டீனின் எண்ணெய்ச் சட்டி பாலத்துத் தியேட்டரில் இருந்தது. செத்தவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறவன் மாதிரிதான் இந்தத் தியேட்டர் இருந்தது. இதை விட்டால் கடலோரத்தில் இன்னொன்று. அவ்வளவுதான் மிச்சம்.

இதையும் விற்றுவிடலாம் என்று அக்கா சொன்னாள். கோடவுன் கட்டுகிற கம்பெனி ஒன்று இடத்தைக் கேட்டிருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். குட்டி போட மாட்டேன் என்றாள். வார்த்தை தடித்தது. "அப்பா நெஞ்சுல மண்ணள்ளிப் போடறே"ன்னு இவள். "அப்பா உனக்கு மேல ஏசி ரூம் குடுத்தாரு, எனக்குக் கீழ எண்ணெய்ப் புகை குடுத்தாரு, நீ ஏன் சொல்ல மாட்டே"ன்னு அவள். அன்றோடு பேச்சு நின்றது. மூன்று மாதமாகிறது. ஒருத்தி மாடியில், ஒருத்தி அதற்கு நேர் கீழே. இரண்டு பேருக்கும் நடுவில் பதினைந்து படிகளும், அவற்றில் ஏறி இறங்க அத்தானும்.

அன்றைக்கும் அத்தான் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"குட்டி, உங்க அக்கா..."

"என்னவாம்?"

கீழே அக்கா சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. புகை இழுக்கிற ஃபேனின் இரைச்சலில் வார்த்தைதான் புரியவில்லை. அத்தான் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்காம். பாத்துக்கச் சொன்னா."

"இவ்வளவு நேரம் கத்தினது இதுக்குத்தானா?"

"அவ பேசினாலே அப்படித்தானேம்மா இருக்கும்."

"மழை வந்தா வைப்பர் போட்டுப் பாப்பாங்க. எத்தனை மழை பாத்திருக்கோம்! இன்னைக்குக் கூட்டம் வரும் அத்தான். விக்கப் போறாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. எவனும் வர்றதில்லைன்னு சொன்னாளே, வந்து எண்ணிப் பாக்கச் சொல்லுங்க அவள."

அத்தான் படியிறங்கினார். கீழே போய் அவர் என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ, அக்காவின் கரண்டி சட்டியின் விளிம்பில் 'ணங்'கென்று விழுந்தது.

சூரியன் இறங்குவதற்கு முன்னாலேயே வாசலில் வண்டிகள் வரிசைகட்டிவிட்டன. குட்டிக்கு ஜன்னலை விட்டு நகர மனசில்லை. ரொம்ப வருஷமாகக் காணாத முகங்கள். காதலித்த காலத்தில் கடைசி வரிசையில் வந்து நின்றவர்கள், இப்போது பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். 'இத்தனை நாள் எங்கடா போயிருந்தீங்க' என்று ஒரு பக்கம் கோபம் வந்தது. இன்னொரு பக்கம், மைதானம் நிறைய நிறைய, அக்காவின் முன்னால் போய் நிற்க வேண்டும்போல இருந்தது.

முதல் வரிசையில், திரைக்கு நேர் கீழே, பேக்கரிக்காரர் தன் ரொட்டி வேனைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். பின்கதவைத் தூக்கிவிட்டு உள்ளே மெத்தையை விரித்தார். அவர் சம்சாரமும் இரண்டு பெண் பிள்ளைகளும் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார்கள். உள்விளக்கு எரிந்தது, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. 'பேட்டரி படுக்கப்போகுது' என்று குட்டி நினைத்தாள். வாரத்துக்கு நாலு வண்டி அப்படிப் படுத்துக்கொள்ளும். படம் முடிந்ததும் அத்தான் இன்னொரு வண்டியின் பேட்டரியோடு இணைத்துக் கிளப்ப, ஒயரை எடுத்துக்கொண்டு ஓடுவார்.

இருட்டு கவிந்தது. படம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

முதலில் வாசனை வந்தது. எங்கேயோ தூரத்தில் நனைந்த மண். அப்புறம் காற்று. அது கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியிலிருந்து மொத்தமாக வந்து அறைந்தது. திரை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. கதாநாயகியின் முகம் தண்ணீரில் தெரிவதுபோல நெளிந்தது. தகடுகள் ஒன்றோடொன்று உரசி, கனமான எதையோ சிமெண்ட் தரையில் இழுப்பதைப்போல ஒரு முனகல் கேட்டது.

படிக்கட்டு அதிர அத்தான் ஓடி வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குட்டி, படத்தை நிறுத்து. எல்லாரையும் அனுப்பிடு."

"எதுக்கு? காத்து..."

"வெல்டர் வந்தாருல்ல போன வாரம், கேட்டைச் சரி பண்ண. போற போக்குல திரையைச் சுத்திப் பாத்தாரு. பின்னங்கால் போல்ட்டையெல்லாம் துரு தின்னுடுச்சாம். பின்னாலேர்ந்து பெரிய காத்து அடிச்சா முன்பக்கமா கவுந்துரும், ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடுங்கன்னாரு."

குட்டி அவரையே பார்த்தாள்.

"நான் சொல்லலம்மா. சொன்னா உங்க அக்கா, 'பாத்தியா, அதுக்குத்தான் விக்கச் சொன்னேன்'ம்பா. நீ, 'ஆள் வெச்சுப் பொய் சொல்லுறா'ம்ப. மறுபடி சண்டை வரும். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு..." அவருக்கு வாய் கோணியது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால முடியல."

கோபப்பட நேரமில்லை. குட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மைதானத்துக்கு ஒரே வாசல்தான். திரைப்பக்கம் இருந்த இன்னொரு வழியைப் பக்கத்து நிலத்துக்காரர் சுவர் எழுப்பி அடைத்து வருஷமாகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினால் வாசல் அடைத்துக்கொள்ளும். முன்வரிசைக்காரர்கள் திரைக்கடியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

"நீங்க வாசலுக்குப் போங்க. நான் சொல்ற வரைக்கும் பின்வரிசையிலேர்ந்து ஒரு வண்டி நகரக் கூடாது. குறுக்க படுத்தாவது நிறுத்துங்க."

அத்தான் ஓடினார். குட்டி மைக்கை எடுத்தாள். அதில் பேசினால் எல்லா வண்டி ரேடியோவிலும் கேட்கும். கேன்டீன் கூரையிலிருந்த பழைய குழாய் ஸ்பீக்கரிலும் கேட்கும். டிக்கெட் விலை சொல்கிற குரலில் பேசினாள்.

"நான் குட்டி பேசறேன், மேலேர்ந்து. படம் நிக்காது, ஓடிக்கிட்டேதான் இருக்கும். காத்து பலமா இருக்கறதால முதல் ரெண்டு வரிசை வண்டிங்களைப் பின்னால கொண்டு போறோம். நடுப்பாதை வழியா, விளக்கைப் போட்டுக்கிட்டு, மெதுவா வாங்க. மத்தவங்க யாரும் தயவுசெஞ்சு வண்டிய எடுக்காதீங்க."

முன்வரிசையில் விளக்குகள் எரிந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் ஏழெட்டு. மழை பிடித்துக்கொண்டது. கடைசி வரிசையில் ஒரு நீல வண்டி பாதைக்குள் மூக்கை நீட்டியது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"நீல வண்டிக்காரரே, உங்க அவசரம் எனக்குப் புரியுது. உங்களுக்கு முன்னால பிள்ளைகுட்டிக்காரங்க வந்துட்டிருக்காங்க. நீங்க எடுத்தீங்கன்னா அவங்க அங்கேயே நிக்கணும். கொஞ்சம் பொறுங்க."

நீல வண்டிக்கு முன்னால் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. அத்தான். வழக்கமாக யாராவது குரல் உயர்த்தினாலே கூண்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிற மனுஷன், பம்பரின் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். வண்டி பின்வாங்கியது.

முன்வரிசை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வந்தன. திரையில் யாரோ யாருக்கோ காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வண்டியும் பாதையில் ஏறிவிட்டது என்று நினைத்தபோதுதான் பார்த்தாள், ரொட்டி வேன் நின்ற இடத்திலேயே நின்றது. உள்விளக்கு எரியவில்லை.

கேன்டீன் கதவு சுவரில் மோதுகிற சத்தம். கீழேயிருந்து யாரோ மழையில் ஓடினார்கள். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்னால் கட்டிய எண்ணெய்த்துணியைக்கூட அவிழ்க்காமல் அக்கா ஓடிக்கொண்டிருந்தாள், திரையைப் பார்த்து.

குட்டி படத்தை நிறுத்தினாள். கண்ணாடி சுத்தமா என்று பார்ப்பதற்காக வெறும் வெள்ளை வெளிச்சம் மட்டும் விடுகிற ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்தினாள். திரை பளீரென்று வெளுத்தது. மைதானமே தெரிந்தது. அக்கா வேனை எட்டிவிட்டாள். பேக்கரிக்காரர் பின்பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். சேற்றில் சக்கரம் அசையவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். வேனைக் காட்டி ஏதோ கத்தினார். அது போனால் காலையில் ரொட்டி எதில் போகும் என்று கேட்டிருப்பார்.

திரையின் மேல் மூலையில் ஒரு தகடு உரிந்து, காகிதம் மாதிரி பறந்து போயிற்று. குட்டி பார்க்கப் பார்க்க, மொத்தத் திரையும் முன்பக்கம் தலையசைத்தது. நிமிர்ந்தது. மறுபடி அசைத்தது.

"அக்கா!"

மைதானம் முழுக்க அந்தக் குரல் கேட்டது. எல்லா வண்டிக்குள்ளும் கேட்டது. அக்கா திரும்பி மாடியைப் பார்த்தாள்.

"அக்கா, திரை வருது. வேனை விடு. பிள்ளைங்களத் தூக்கு. ஓடி வந்துரு அக்கா!"

பேக்கரிக்காரரின் சம்சாரம் சின்னதைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே இறங்கிவிட்டாள். அக்கா பெரியதை வாரித் தோளில் போட்டாள். இன்னொரு கையால் பேக்கரிக்காரரின் காலரைப் பிடித்தாள். எண்ணெய்ச் சட்டி தூக்கிப் பழகிய கை. மனுஷன் மாடு மாதிரி இழுபட்டு வந்தார். முதல் மேடு ஏறினார்கள். இரண்டாவது மேட்டில் அக்காவின் கால் வழுக்கியது. குழந்தையை மேலே தூக்கிப் பிடித்தபடியே விழுந்தாள்.

திரை விழுந்தது.

அந்தச் சத்தத்தைவிட அதற்கப்புறம் வந்த இருட்டுதான் குட்டியை உறைய வைத்தது. வெளிச்சம் விழுவதற்கு எதுவும் இல்லை. ப்ரொஜெக்டர் எரிந்துகொண்டிருந்தது, வெளிச்சம் மழைக்குள் நீளமாகப் போய், காற்றில் கரைந்தது. கீழே ஒன்றுமே தெரியவில்லை.

"அக்கா?" என்றாள். மைக்கில் பேசலாம், கேட்க முடியாது. "அக்கா..."

இத்தனை வருஷமாக, படம் பார்க்க வந்தவர்களிடம் விளக்கை அணை, விளக்கை அணை என்று கத்தியே அவளுக்குப் பாதித் தொண்டை போயிருந்தது. இப்போது கெஞ்சினாள்.

"எல்லாரும் ஹெட்லைட்டைப் போடுங்க. தயவுசெஞ்சு எல்லாரும் போடுங்க."

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் மூன்றாவது வரிசையில் ஒன்று எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பின்னால், அதற்கும் பின்னால் என்று எல்லா வரிசையும் எரிந்தது. நசுங்கிய தகடுகள் தெரிந்தன. ரொட்டி வேனின் ஒரு சக்கரம் மட்டும் தெரிந்தது. தகட்டின் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, சேற்றில், அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பேக்கரிக்காரர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். அக்கா கழன்றுபோன ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்து, மாடியறையைப் பார்த்து ஆட்டினாள். அடிக்கப்போவதைப்போல.

குட்டி மைக்கை வைத்துவிட்டு, படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அக்காவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. கேன்டீன் பெஞ்சில் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் ஐஸ் வைத்தார்கள்.

"படத்தை ரத்து பண்ணச் சொன்னேன்ல?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மழை வரும்னு சொன்னதாத்தானே அத்தான் சொன்னாரு."

"மழையா? ஒரு வாரமா திரை முனகுது, ராத்திரி ஃபேனை நிறுத்தினா கீழ நல்லாக் கேக்குது, ஆளைக் கூப்பிட்டுப் பாக்காம இன்னைக்குப் படம் போடாதேன்னு சொன்னேன்! நீ என்ன சொன்னே? 'அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், பாத்துக்கறேன்'னு சொன்னியாமே?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

இரண்டு பேரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் ஈரச் சட்டையோடு ஐஸ் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் பேக்கரிக்காரர் வந்தார். கிரேன் தகட்டைத் தூக்க, கீழே அவர் வேன் அப்பளமாகக் கிடந்தது. பின்பக்கம், மெத்தை விரித்திருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவின் கட்டிலருகே நின்று, "காலரைக் கிழிச்சுட்டீங்க" என்றார்.

அந்த வாரமே குட்டி, "வித்துடலாம்" என்றாள். மூன்று மாதமாக அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த அக்கா, மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஜெயிச்ச மாதிரியே இல்லடி" என்றாள்.

கோடவுன்காரர்கள் வேலையை ஆரம்பிப்பதற்குள், கடலோரத் தியேட்டர்காரர் லாரியோடு வந்தார். ப்ரொஜெக்டரையும் எண்ணெய்ச் சட்டியையும் மிச்சமிருந்த நல்ல தகடுகளையும் ஏற்றிக்கொண்டார். பருத்த, சிரித்த முகம் கொண்ட மனுஷர். போகும்போது குட்டியிடம் சொன்னார்:

"இனிமே நான் ஒருத்தன்தான் இந்தப் பக்கத்துல. எனக்கு ஓட்டறதுக்கு ஆள் இல்லம்மா. வர்றீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"ஒரு நாள் எல்லாருமா வந்து படம் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

அக்கா கட்டுப் பிரித்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் போனார்கள். அத்தான் வண்டியோட்டினார். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. குட்டி பின்சீட்டில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து தியேட்டரிலேயே இருந்தவள், வண்டிக்குள் உட்கார்ந்து அவள் படம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அத்தான் ஒரு பெரிய பாப்கார்ன் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேர் போட்டு முடிவதற்குள் பாதியைக் காலி பண்ணிவிட்டார்.

கடல்காற்று வீசியது. பெரிய காற்று இல்லை. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் குட்டியின் முடியைக் கலைக்கிற அளவுக்குத்தான். திரை மெல்ல 'ர்ர்ர்' என்றது.

அக்காவின் கழுத்து விறைத்தது. குட்டி அதைப் பின்னாலிருந்து பார்த்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள் அக்கா, திரும்பாமல்.

"ம்."

"எந்தப் பக்கம்?"

"இடது கால்."

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். குட்டியும் இறங்கினாள். திரையில் ஒரு கல்யாண வீடு ஆடிப் பாடிக்கொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் இரண்டு பேரும் திரையின் பின்பக்கம் போனார்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு. அக்கா குனிந்து, இடது கால் அடியிலிருந்த போல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். துரு சிவப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. விரலை மோந்து பார்த்துவிட்டு, குட்டியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

திரும்பி வந்தபோது அத்தான் வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தைக் காணோம்.

"பாத்தீங்களா?" என்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அவரு நமக்கு ஒத்தாசை பண்ணின மனுஷன். இன்னைக்கு மைதானம் நிறைஞ்சிருக்கு. நாளைக்குக் காலைல பக்குவமா..."

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் பேச்சை அப்படியே நிறுத்திக்கொண்டார். கார்ச் சாவியை எடுத்துக் குட்டியிடம் நீட்டினார்.

"நீ வண்டியப் பின்னால கொண்டு போம்மா. நான் போய் அவர்கிட்டச் சொல்றேன்."

"நீங்களா?"

"நானேதான்."

அவர் வண்டிகளுக்கு நடுவே நடந்து போனார். பாதி தூரத்தில் ஓட ஆரம்பித்தார். கேன்டீன் வாசலில் நின்றிருந்த கடலோரத் தியேட்டர்காரர் முதலில் சிரிப்பதும், அப்புறம் சிரிப்பு நிற்பதும், கையை ஆட்டி ஆட்டி மறுப்பதும் தெரிந்தது. அத்தான் நகரவில்லை. அவர் குரல் இங்கே வரைக்கும் கேட்டது. அவ்வளவு பெரிய குரல் அவருக்கு உண்டு என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாது.

"படம் ஓடட்டும்யா! ஓடிக்கிட்டே இருக்கட்டும்! முன்னால நிக்கற வண்டிங்களை மட்டும் முதல்ல எடுக்கச் சொல்லு!"

குட்டி வண்டியைக் கிளப்பினாள். அக்கா பக்கத்துச் சீட்டில் ஏறவில்லை. நொண்டிக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய், ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள்.